தவளைக்கு ஒரு சட்டை

ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்று கையை ஆட்டியபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். தலையில் டிரங்குப் பெட்டி இருந்தது. நான் திரும்பியிருந்தால் பெட்டி மட்டும் நேராகப் போயிருக்கும்.

இங்கே எல்லாவற்றுக்கும் மணி. எழுந்திருக்க ஒரு மணி, சாப்பிட உட்கார ஒரு மணி, உட்கார்ந்தபின் சாப்பிடத் தொடங்க இன்னொரு மணி. ஞாயிற்றுக்கிழமை காலை கடிதம் எழுதுவதற்கும் மணி உண்டு. எழுதியதை வார்டன் ஐயா படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். போன வாரம் ஒரு பையன் தனக்கு இங்கே பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டான். நான்கு முறை திருப்பி எழுத வைத்தார். நான்காவது முறை அவனுக்குப் பிடித்துவிட்டது.

எங்கள் அறையில் இருபது கட்டில்கள். என் பக்கத்துக் கட்டில்காரன் பெயர் தவளை. பெரிய வகுப்பு அண்ணன்கள் வைத்த பெயர். வந்த அன்றே அவனைச் சாப்பாட்டுக் கூடத்தில் குத்துக்காலிட்டு உட்கார வைத்து, கத்திக்கொண்டே மேஜைகளைச் சுற்றித் தாவச் சொன்னார்கள். மூன்றாவது சுற்றில் கை கழுவும் அண்டாவில் மோதி, அண்டாவோடு கவிழ்ந்தான். கூடமே சிரித்தது. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, "தவளைன்னா தண்ணிக்குத்தானே போகும்" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் மகன்
(இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நீங்கள் காலரில் தைத்துக் கொடுத்த சலவை எண்தான். நான் 47.)


ஜூன் 26

என் கண்ணுக்கு அப்பா எழுதுவது.

கடிதம் வந்தது. வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுப் படித்தேன். அண்டா கவிழ்ந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற மாமா ஊசியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "அக்கா போனதுக்கப்புறம் நீங்க சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். வாஸ்தவம்தான். உன் அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. சிரிப்பு என்று ஒன்று எனக்குள் மிச்சம் இருப்பது எனக்கே தெரியாது. அவருக்கும் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

நாள் முழுக்கக் கடையில் கிடக்கிற நான், உன்னைப் பூட்டிய வீட்டில் தனியாக விடக்கூடாது என்றுதான் அங்கே சேர்த்தேன். செய்தது சரிதானா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது மனசு லேசாகிவிட்டது.

ஆறு சட்டையும் ஒழுங்காக உட்காருகிறதா? இடது தோளை வழக்கம்போல் அரை இஞ்ச் இறக்கியே வெட்டியிருக்கிறேன். ஐந்து வயதில் என் கட்டிங் மேஜையிலிருந்து குதித்து வாங்கின தோள் அது. கடையில் தொங்குகிற எந்தச் சட்டையும் உனக்குச் சரிப்படாது.

தவளையைப் பற்றி வாராவாரம் எழுது. நாங்கள் காத்திருப்போம்.

ஆசிகளுடன்,
அப்பா


ஆகஸ்ட் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கணக்கில் மூன்றாவது இடம். என் சேதி அவ்வளவுதான், தவளைக்கு வருகிறேன்.

அவனுடைய ஆறு சட்டைகளில் ஐந்தை அண்ணன்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று ஷூ துடைக்கிறது. ஒன்று கிரிக்கெட் மட்டைக்கு உறை. ஒன்று ஜன்னலில் திரையாகத் தொங்குகிறது. தவளை போகிற வழியெல்லாம் தன் சட்டைகளை நலம் விசாரித்துக்கொண்டே போகிறான். மிச்சமிருக்கிற ஒன்றைத் தினமும் துவைத்துப் போட வேண்டியிருக்கிறது. சில நாள் காயாது. ஈரச் சட்டையோடு வகுப்புக்கு வந்தால் மைதானத்தில் நின்று காய்ந்துவிட்டு வரவேண்டும். அப்போது கொடியும் அவனே, துணியும் அவனே.

புதன்கிழமை ஆளுக்கொரு முட்டை. தவளையின் முட்டை மாணவர் தலைவனுக்குப் போய்விடும். அவனை நாங்கள் பெரிய தலை என்போம். உரித்துக் கொடுப்பது தவளையின் பொறுப்பு. உரிப்பதில் இப்போது அவனை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

உங்கள் மகன், 47


செப்டம்பர் 7

என் கண்ணுக்கு,

கொடியும் அவனே துணியும் அவனே என்ற வரியை இஸ்திரி போடுகிறவர் மனப்பாடமே செய்துவிட்டார். தபால்காரர் வருகிற நேரம் பார்த்து அவரும் இப்போது கடைக்கு வந்துவிடுகிறார்.

ஒரே ஒரு குறை. ஒரு பக்கத்தில் முக்கால் பக்கம் தவளையே உட்கார்ந்துகொள்கிறான். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம், அந்தப் பையனுக்கு அப்பா அம்மா இல்லையா? வீட்டில் சொல்ல மாட்டானா?

அடுத்த மாதம் பத்து நாள் விடுமுறை என்றாயே. உன் தலையணையை வெயிலில் போட்டு எடுத்து வைத்துவிட்டேன்.

அப்பா


அக்டோபர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

விடுமுறைக்கு வர இயலவில்லை. சாரணர் முகாம் இருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தவளைக்கு அப்பா இருக்கிறார். ஆனால் சொல்ல மாட்டானாம். அவர் இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறார், அதைக் கெடுக்கக்கூடாது என்கிறான்.

அவனுடைய புது வித்தையைக் கேளுங்கள். பெரிய தலையின் ஷூவில் மண் இருந்ததால் தவளைக்கு ஓர் அறை விழுந்தது. அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் எதிர்ப்பக்கம் திரும்பி "உள்ளேன் ஐயா" என்கிறான். வாத்தியார் இடது பக்கம் நிற்பார், இவன் வலது பக்கச் சுவரிடம் பணிவாகப் பேசிக்கொண்டிருப்பான். வருகைப் பதிவு எடுக்கும்போது வகுப்பே அதற்காகக் காத்திருக்கிறது.

உங்கள் மகன், 47


ஜனவரி 12

என் கண்ணுக்கு,

சுவரிடம் பணிவாகப் பேசுகிற தவளையை மூன்று மாதமாகக் காஜா மாமா நடித்துக் காட்டுகிறார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். பாவம், அவனுடைய அப்பா. இப்படி ஒரு பிள்ளை இருப்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லையே.

எங்களுக்கு ஒரு யோசனை. இத்தனை மாதம் சிரிக்க வைத்த பையன் ஒற்றைச் சட்டையோடு நிற்கலாமா? நாங்கள் தைத்துத் தருகிறோம். அளவு எடுத்து அனுப்பு. எப்படி எடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். கடையில் நான் சொல்வதும் ஞாபகம் இருக்கட்டும்: கதையில் என்ன வேண்டுமானாலும் சொல்லு, அளவில் பொய் சொல்லாதே.

அப்பா


ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

சட்டை வேண்டாம் என்று தவளை சொல்லிப் பார்த்தான். நான்தான் வற்புறுத்தினேன். இஞ்ச் டேப் இல்லை. நூலால் அளந்து, அடிஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். ஆள் நெளிந்துகொண்டே இருந்ததால் மூன்று முறை எடுத்தேன்.

உயரம் 25
தோள் 14
மார்பு 27½
கை 9
கழுத்து 12
இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்

சரியாகத்தான் எடுத்திருக்கிறேன்.

உங்கள் மகன், 47


பிப்ரவரி 3

என் மகனுக்கு,

நீலக் கோடு போட்ட துணியை விரித்து, உன் அளவுச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாக்குக்கட்டியால் வரைந்தேன். கழுத்து போட்டேன். வலது தோள் போட்டேன். இடது தோளுக்கு வந்தபோது கை தானாகவே அரை இஞ்ச் இறங்கியது. சீட்டைப் பார்க்காமலே இறங்கியது. அப்புறம்தான் சீட்டைப் பார்த்தேன். அதிலும் அதுவே இருந்தது.

பழைய அளவு நோட்டை எடுத்தேன். ஜூனில் உன் மார்பு முப்பது. இப்போது இரண்டரை இஞ்ச் குறைவு. கை ஓர் இஞ்ச் வளர்ந்திருக்கிறது. வளர்கிற பிள்ளைக்கு மார்பு குறையாது.

ஆறு சட்டை என்று எழுதினாய். நான் தைத்து அனுப்பியதும் ஆறு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தேறி வருகிற அப்பா என்று எழுதினாய். அந்த அப்பாவைப் பாவம் என்று நானே உனக்குப் பதில் போட்டேன். எட்டு மாதம் உன்னைக் கடை நடுவில் தாவவிட்டுச் சிரித்திருக்கிறேனடா. காஜா மாமாவிடம் சொன்னேன். அன்று அவர் எடுத்த காஜா ஒன்றுகூட நேராக இல்லை.

சட்டையை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். காலருக்குள் சிவப்பு நூலில் 47 என்று போட்டிருக்கிறேன். எண் தப்பு என்றால் எழுது. தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் தைக்கும்போதெல்லாம் நினைத்தேன். நீ என்ன எழுதினாலும் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பேன். பெட்டியைக் கட்டி வை.

அப்பா


பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

எண் சரிதான்.

இந்தக் கடிதத்தை வார்டன் ஐயா பார்க்கவில்லை. சலவைக்காரர் அழுக்குத் துணி மூட்டையில் வைத்து வெளியே கொண்டுபோய்த் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

முதல் கடிதத்தை எழுதும்போது உங்களிடம் பொய் சொல்ல நினைக்கவில்லை. எனக்கு நடந்தது என்று எழுதினால் உறையை ஒட்ட மாட்டார்கள் என்பதால் பக்கத்துக் கட்டில்காரனுக்கு நடந்ததாக எழுதினேன். நீங்கள் புரிந்துகொண்டு வருவீர்கள் என்று இருந்தேன். நீங்கள் சிரித்ததாக எழுதினீர்கள். அம்மா போனபின் முதல் முறை என்று எழுதினீர்கள். அப்புறம் எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எதையும் கற்பனை செய்யவில்லை அப்பா. அழுததை மட்டும் எடுத்துவிட்டேன்.

அளவையும் மாற்றி எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

சாரணர் முகாம் என்று ஒன்று இல்லை. கன்னம் வீங்கியிருந்தது, அதனால்தான் வரவில்லை. வீக்கம் வடிந்துவிட்டது. இடது காது மட்டும் திறக்கவில்லை. வார்டன் ஐயா எண்ணெய் விடச் சொன்னார். அதிலிருந்து எப்போதும் ஈரமாக இருக்கிறது, வாடை அடிக்கிறது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். ஆண்டு முடியட்டும் என்றார்.

சட்டை கச்சிதமாக இருக்கிறது. தோள் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது காஜா மட்டும் கோணல், மாமாவிடம் பரவாயில்லை என்று சொல்லுங்கள். கழற்றினால் போய்விடும் என்பதால் படுக்கும்போதும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூட்டம் இருக்கும். தூரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் வேறு திசையில் திரும்புவேன், எல்லோரும் சிரிப்பார்கள். நீலக் கோடு போட்ட சட்டை இங்கே ஒன்றுதான் இருக்கிறது. வலது பக்கமாக வந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்