மறைத்து வைத்த வரிசை எண்

உன் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்ததும் கிராம்பு வாசம் வந்தது. பல்வலிக்கென்று வாங்கி வைத்து, வலி போன பிறகும் நீ மென்றுகொண்டே இருந்த கிராம்பு. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன் இடத்தைப் பார்த்துக்கொள்ள என்னை அரியலூரிலிருந்து மறுபடியும் பெரம்பலூருக்கு வரவழைத்திருக்கிறார்கள். உன் நாற்காலி, உன் கணினி, நாம் இருவரும் சேர்ந்து உருவாக்கிய மாத அறிக்கை. ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் அந்தக் கோப்பைத் திறந்தேன்.

அதிலிருக்கும் சார்ட்டை முதன்முதலில் போட்ட நாள் ஞாபகம் வந்தது. நம் பால் கம்பெனிக்கு ஊர் ஊராகப் பால் வாங்கும் சென்டர்கள். நூறு கேனில் எத்தனை கேன் கெட்டு வந்தது என்று ஊருக்கு ஒரு பட்டை. கணினி ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் நிறுத்தியது. அரும்பாவூர் முன்னால், எறையூர் பின்னால், அதற்கும் பின்னால் சிறுவாச்சூர். மேனேஜருக்கு எண்களைப் படிக்கப் பொறுமை கிடையாது. "படத்தக் காட்டும்மா, மொதல்ல நிக்கிறது யாரு?" என்பார். முதலில் நிற்கும் ஊர்தான் அவருக்குக் குற்றவாளி.

"இந்த மனுஷன்கிட்ட ஏபிசிடி வரிசையில நின்னா, ஏ-க்கு ஆயுசு தண்டனதான்டி" என்று நீ சிரித்தாய். பிறகு வழியையும் நீயே கண்டுபிடித்தாய். "ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்துலயும் ஒரு நம்பர் போடு. அந்த நம்பர் மூஞ்சியக் காட்டாம பின்னாடி நிக்கட்டும். ஊருங்க அது சொல்ற மாதிரி நிக்கும்."

குளிரூட்டும் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் சிறுவாச்சூருக்கு ஒன்று என்று தொடங்கி, வண்டி முதலில் பால் ஏற்றும் அரும்பாவூருக்குக் கடைசி எண் கொடுத்தோம். உடனே பட்டைகள் படிக்கட்டு மாதிரி ஏறின. தூரம் கூடக்கூட பால் வெயிலில் நிற்கும் நேரம் கூடுகிறது, கெடுவதும் கூடுகிறது. ஊர்மேல் தப்பில்லை, வண்டிமேல்தான் என்று யார் பார்த்தாலும் புரியும். நடுவில் எறையூர் மட்டும் அரும்பாவூருக்கு அடுத்த உயரத்தில் துருத்திக்கொண்டு நின்றது. அந்த சென்டரை நடத்தியது உன் அண்ணன். "அவன் கேன ஒழுங்கா கழுவ மாட்டான். நான் திட்டி வைக்கிறேன்" என்றாய். நான் விட்டுவிட்டேன்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் திருச்சியில் ஒரு வாரம் இருந்தபோது மாத அறிக்கைக் கூட்டம் நடந்தது. திரும்பி வந்தால் அரும்பாவூர் சென்டரை மூடிவிட்டிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசி நான் தொடங்கிய சென்டர் அது. என்னை அரியலூருக்கு மாற்றினார்கள். கூட்டத்தில் காட்டிய சார்ட்டில் அரும்பாவூர் முதலில் நின்றது, எறையூர் அதை ஒட்டி இரண்டாவதாக. உயரமானதிலிருந்து குட்டையானதுவரை சரிவாக இறங்கிய படம். அந்தச் சரிவில் எறையூர் துருத்தவே இல்லை.

"அப்டேட் வந்துச்சுடி. நம்ம வரிசை போயிடுச்சு, அதுவா ஒசரத்துலேருந்து அடுக்கிடுச்சு. நான் கவனிக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அழவும் செய்தாய். நான்தான் உன்னைத் தேற்றினேன்.

அந்தக் கோப்பில் அந்த மாதத்துப் பக்கத்துக்குப் போய், எண்களை மறைத்து வைத்த பத்தியை முந்தாநாள் திறந்து பார்த்தேன். அரும்பாவூர் ஒன்று, எறையூர் இரண்டு என்று எல்லா ஊருக்கும் புதிய எண்கள். கணினி நம் வரிசையை மறந்திருக்கலாம். உட்கார்ந்து புது எண் தட்டாது. பக்கத்திலேயே நம் பழைய எண்கள், 'பழசு' என்ற தலைப்போடு. கெட்ட கேன்களின் எண்ணிக்கை எதையும் நீ தொடவில்லை. பொய்யான ஓர் எண்கூட அந்தப் படத்தில் இல்லை. ஊர்கள் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றினாய், அது போதுமாக இருந்தது.

பழைய எண்களை ஏன் அழிக்காமல் வைத்தாய்? ஒருநாள் நான் பார்க்கட்டும் என்றா, அல்லது திருப்பிப் போட மனம் வரும் என்றா? கேட்க நீ இல்லை. உன்னை எடுத்த அன்று உன் வாசலில் அத்தனை பேர் நடுவே அழுத அழுகையை நான் இனி எங்கே கொண்டு வைப்பது?

நேற்று பழைய வரிசை, புது வரிசை இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அரும்பாவூர் போனேன். சென்டர் மூடிய நாளில் "எங்க பாலு கெட்ட பாலுன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களாக்கா?" என்று கேட்ட செல்வி வீட்டுக்குத்தான். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசியதில்லை. பழைய வரிசைப் படத்தை வாங்கி, விரலால் படி படியாகத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப பாலு நல்ல பாலுதான்."

"நல்ல பாலுதான் செல்வி."

"இப்ப வந்து சொல்றீங்களே. மாட்ட வித்து வருஷமாச்சுங்க" என்றாள். பாயைத் தட்டி விரித்து, "உக்காருங்க, டீ போடுறேன்" என்றாள். கடைப் பாலில் போட்ட டீ.

இன்று காலை பழைய எண்களைத் திரும்பப் போட்டு இந்த மாத அறிக்கையை அனுப்பினேன். "என்னம்மா, இந்த எறையூர் மட்டும் பல்லு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது?" என்று மேனேஜர் கேட்டார். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேன் கழுவாததைச் சொன்னேன். மத்தியானம் உன் அண்ணன் போன் செய்தார். "எந் தங்கச்சி இருந்தா இப்படி விட்டுருப்பாளா?" என்றார். விட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உன்னிடமிருந்து கற்ற அந்த மறைவான பத்தியை இன்னும் பயன்படுத்துகிறேன். வேறு வழி எனக்குத் தெரியாது. ஆனால் இன்று முதல் ஒவ்வொரு படத்தின் அடியிலும், ஊர்கள் எந்த வரிசையில் நிற்கின்றன, அப்படி நிறுத்தியது யார் என்று ஒரு வரி எழுதுகிறேன். "அதெல்லாம் யாருடி படிப்பா?" என்பாய். உன் படத்தின் அடியில் அப்படி ஒரு வரி இல்லை. இருந்திருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன். அடுக்கியது நீ அல்லவா.