மூன்றாம் இடத்துக் கல்லூரி

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை, அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் நன்றாக இருக்கவேண்டும், அதில் மாற்றமில்லை. இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். நடுவில் நீ பேசுவாய், நான் கத்துவேன், பக்கத்து அறையில் என் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால்தான் கடிதம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே என்றெல்லாம் சொல்லமாட்டேன். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் பத்திரிகையின் கல்லூரித் தரவரிசை வெளிவந்த அன்று, முதல் வேலையாக அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாய். ‘அக்கா, நம்ம வாலு காலேஜ் எட்டுலேருந்து மூணுக்கு வந்துடுச்சு, பார்ட்டி எப்போ?’ என்று கேட்டிருந்தாய். ‘சந்தோஷம்டா’ என்று பதில் போட்டேன். அப்போது உன் வாலு அந்தக் கல்லூரியிலேயே இல்லை. இங்கே என் வீட்டில், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். மாமாவிடம் மட்டும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நீ அல்லவா, உனக்கு வருத்தமாக இருக்குமாம். பார், இந்த நிலைமையிலும் அவளுக்கு உன் கவலை!

நடந்தது இதுதான். கடைசி வருடப் பரீட்சைக்கு முன்னால் துறைத்தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். முந்தைய பருவத்தில் அவள் இரண்டு பாடங்களில் தவறியிருந்தாள், அது எனக்கும் தெரியும். நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, “உன் உடம்பைப் பாத்துக்கோம்மா, இந்த வருஷம் எழுதினா கண்டிப்பா போயிடும், நீயே விலகிட்டா மரியாதையா இருக்கும், பின்னால பாத்துக்கலாம்” என்று அவ்வளவு தன்மையாகச் சொன்னாராம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் விடுதி அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

அவள் மட்டுமில்லை. அந்தத் துறையில் பதினொரு பேர். பதினொரு பேரும் தாங்களாகவே விலகினார்களாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இங்கே தோட்டத்தையே மறைத்துவிட்டார்கள். பரீட்சை எழுதியவர்கள் அத்தனை பேரும் தேர்ச்சி. நூற்றுக்கு நூறு. உங்கள் கணக்கில் அதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று நீதான் ஒருமுறை பெருமையாக விளக்கினாய். எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறீர்களே, உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஏன்டா கேட்கவில்லை? கல்லூரி சொல்லும் எண்ணுக்குக் கல்லூரியே சான்று கொடுக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி.

உடனே நீ, ‘பட்டியலே இல்லைன்னா பணக்காரன் பிள்ளைக்குத்தான் விஷயம் தெரியும், நம்மளை மாதிரி ஆளுங்க விளம்பரத்தைப் பாத்து ஏமாறுவோம்’ என்பாய். வாஸ்தவம்தான். நமக்கு யார் இருந்தார்கள் சொல்ல? நான் பட்டியலை எரிக்கச் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே பார்த்தேன். வார்டு வார்டாக நோய்த்தொற்றைக் கணக்கெடுக்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய டாக்டர்கள்கூட கை கழுவினார்கள். அது நல்லதுதான். பிறகு சாவையும் கணக்கெடுத்து, குறைவாக இருந்தால் கேடயம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து, பிழைக்காது என்று தெரிந்த நோயாளியை ராவோடு ராவாக ஆம்புலன்ஸில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வழியிலேயே போனவர்களும் உண்டு. அந்தச் சாவு யார் கணக்கிலும் வராது. கேடயம் எங்கள் மேசையில்தான் இருக்கிறது, தினமும் நான்தான் தூசி தட்டுகிறேன். என் பெண்ணையும் அப்படி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்று அவள் பெட்டியோடு வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

போன வாரம் லீவு போட்டுவிட்டு அந்தத் துறைத்தலைவரைப் பார்க்கப் போனேன். நிற்க வைத்தே பேசினார். அவளாகவே விலகினாள், மறுபடி சேர்க்க இடமில்லை, இரண்டாவது வார்த்தைக்கே இடமில்லை. ஆத்திரத்தில், என் தம்பி இன்ன பத்திரிகையில் தரவரிசைப் பிரிவில் இருக்கிறான், அவனிடம் கேட்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். மனுஷன் எழுந்தே விட்டார். எனக்கு நாற்காலி வந்தது, டீ வந்தது. “இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா, சார் ஒரு வார்த்தை ஃபோன்ல சொன்னா போதுமே” என்றார். டீயைக் குடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் குடித்தேன்.

ஓடிவந்து அவளிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, நான் பொய் சொல்லவில்லை, வந்தது. அப்புறம், “நெட்டைக்கு யாரு ஃபோன் பண்ணுவா?” என்று கேட்டாள். நெட்டை அவளுடைய அறைத்தோழி. அவளும் கையெழுத்துப் போட்ட பதினொரு பேரில் ஒருத்தி. அப்பா மூட்டை தூக்குகிறவர். வீட்டுக்குப் போக முகமில்லாமல், ஏதோ ஊரில் மருந்துக் கிடங்கில் பெட்டி ஒட்டுகிறாளாம். இவள் எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. “என்னை மட்டும் சேத்துக்கிட்டா, மாமாவும் அவங்களும் ஒண்ணாயிடுவாங்கம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு நான் ஊட்டிவிடுகிறேன், குழந்தை மாதிரி வாயைத் திறக்கிறாள். சில நாள் அதுவும் இல்லை.

அதனால் சொல்கிறேன், நீ ஃபோன் பண்ணாதே. அதற்குப் பதிலாக, உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லாக் கல்லூரிகளிடமும் ஒரே ஒரு கேள்வி கேள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் படித்து வெளியே வந்தார்கள், நடுவில் போனவர்கள் எங்கே? கேட்டால் உன் ஆசிரியர் முகம் சுளிப்பார். அந்தக் கல்லூரிகளின் விளம்பரத்தில்தான் உங்கள் சம்பளம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, குழந்தை பிறக்கப் போகிறது. எனக்கு எல்லாம் தெரியும்டா. தெரிந்தும்தான் கேட்கிறேன்.

மழை விட்டபாடில்லை. சமையலறைச் சுவரில் மறுபடி ஓதம் ஏறுகிறது. இன்றைக்கு எனக்கு இரவுப் பணி, அவளைத் தனியாக விட்டுப் போகப் பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தையற்கார அம்மாவை வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

உன் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். யார் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், அது நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

ஃபோன் பண்ணாதே என்றுதான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதைத்தான் மேலே எழுதியும் இருக்கிறேன். மறுசேர்க்கைக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. இதை எழுதவே கூடாது என்றிருந்தேன். நான் பெற்றவள்டா.

உன் அக்கா