வரைபடத்தில் வீட்டுக்காரியின் பெயர்

பட்டச் சான்றிதழைத் தேடி அலுமாரியைக் குடைந்தபோது நம் களக் கொப்பி கையில் பட்டது. பிரித்தால் இன்னும் உப்பு மணம். சுனாமியில் கடல் வந்து போன பிறகு, நீயும் நானும் ஜீபீஎஸ் கருவியோடு நிந்தவூர்க் கரையில் அத்திவாரம் அத்திவாரமாக நடந்து, இல்லாமற்போன வீடுகளைப் பதிந்த கொப்பி. பாதிப் பெயர்கள் வெட்டி எழுதப்பட்டிருக்கின்றன.

படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நாம் கணவன்மாரின் பெயர்களை எழுதிக்கொண்டே போனோம். நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார் என்று தெரிந்தே வளர்ந்த இரண்டு பேர். அத்திவாரத்தில் குந்தியிருந்த ஒரு பெண்தான் கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"இது வாப்பா எனக்குத் தந்த சீதன வீடு. இதுக்குள்ள எப்படிகா இவர்ர பேர் வந்த?"

அவள் கணவர் பக்கத்திலிருந்து சொன்னார்: "ஓம் புள்ள, இந்த வளவுல எனக்குச் சோறு மட்டும்தான் சொந்தம்."

நான் உன்னிடம், "ஜீபீஎஸ் பொயிண்ட் சரிதானே கா, பேர ஆரு பாக்கப் போறாங்க?" என்றேன்.

"புது வீடு குடுக்கக்குள்ள இந்தப் பேரத்தான் பாப்பாங்க. வெளியாக்கள் பிழை விட்டாப் பரவாயில்ல. நாமளும் விடலாமா?"

மறுநாள், முதல் வீட்டு வாசலிலிருந்து திரும்ப நடந்து, வீட்டுக்காரிகளின் பெயர்களைக் கேட்டு எழுதினோம்.

புவியியல் தகவல் முறைமையில் முதுகலை படிக்க நீதான் முதலில் கொழும்புக்குப் போனாய். என்னையும் கூப்பிட்டாய். எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். நிரப்பிய விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை நீ ஏறிய பஸ்ஸில் குண்டு வெடித்தது; நீ உயிரோடு திரும்பவில்லை. அதன் பிறகு உன்னோடு கதைக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல் இவ்வளவு பிந்தியது.

இப்போது அதே படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. வியாழனுக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும். மகனுக்கு எட்டு மாதம். போத்தலை வாயில் வைத்தாலே துப்புகிறான். "சண்டை முடிஞ்சிட்டு, இனிப் பயப்படறெண்டா ட்ரைவருக்குத்தான்" என்று இவர் சிரிக்கிறார். ஆனால் நான் இன்னும் பஸ்ஸில் கேட்பாரற்று ஒரு பையைக் கண்டால் இறங்கிவிடுகிறேன்.

உம்மாதான் வழி சொன்னார்: "நானும் புள்ளையத் தூக்கிட்டு வாறன். வகுப்புக்கு வெளிய இருக்கன். பசிச்சாக் கூப்புடுறன், வந்து பால் குடு." அது எனக்கு ஆறுதலாக இல்லை. நான் ஒருத்தி போவதற்கே பயந்தேன். இனி மூன்று உயிரும் ஒரே பஸ்ஸில்.

சம்மதப் படிவத்தில் ஆய்வுத் தலைப்பு என்ற இடத்தில், நம் கரையில் பெண்களின் பெயரிலிருந்த வீடுகள் வரைபடங்களில் யார் பெயருக்குப் போயின என்று எழுதினேன். அதை எழுதிய பிறகு போகாமலிருக்க முடியவில்லை. நேற்றுக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

எழுதி முடித்ததை வாசலில் போய் மறுபடி கேட்கும் பழக்கத்தை எனக்கு விட்டுப் போயிருக்கிறாய். இன்று மட்டும் உம்மாவிடம் நாலாவது தடவை: "மெய்யாகவே வாறீங்களா உம்மா?"

"ஓம் புள்ள. எத்தின தரம் கேப்பாய்?"

பஸ்ஸின் படியில் கால் வைக்கும் வரை கேட்பேன்.