காண்டர் காரின் முன்பாரம்

22 பிப்ரவரி 1966, டெட்ராய்ட்

தவக்கால நோன்புக்கு முந்தின செவ்வாய். சோதனை ஓட்டுநர் காசிமிர் ஒரு பெட்டி நிறைய ஜாம் பன் கொண்டுவந்தார். போலந்துக்காரர் வீட்டு வழக்கம். நான் விற்பனைப் பிரிவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

“தின்னுட்டுத் திட்டு தம்பி. வெறும் வயித்துல திட்டினா உனக்குத்தான் புண்ணு வரும்.”

திட்டாமல் என்ன செய்ய? ஆறு பேர் உட்காரும் இரண்டு டன் கார், ஏழு லிட்டர் எஞ்சின். காண்டர் சந்தைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, வாங்க ஆளில்லை. அதே எஞ்சினைச் சின்ன காரில் கேட்கிறார்களாம். மடையர்கள்.

14 மார்ச்

மேற்கு வர்ஜினியா முகவரிடமிருந்து கடிதம். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லையாம். ‘கியரைக் குறைத்து இறங்கச் சொல்லுங்கள்’ என்று இரண்டு வரியில் பதில் போட்டேன். போன கோடையில் பிரேக் சோதனையை நடத்தியவன் நான். தேறிய கார்.

காசிமிர் ஒப்பவில்லை. “எனக்கென்னமோ சரியாப் படல. கடையில விக்கிற வண்டியையே எடுத்துக்கிட்டு அந்த மலைக்குப் போயிட்டு வரேன்.”

“போங்க. வெட்டி வேலை.”

23 மார்ச்

அந்த மலை இறக்கத்தில் காசிமிருக்கு விபத்து. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

29 மார்ச்

மருத்துவமனை. கண்ணைத் திறந்ததும் அவர் சொன்னது: “கடைசி வளைவுல லேட்டா மிதிச்சிட்டேன் போல. தப்பு எம்மேலதான்.”

அவர் மனைவி வாண்டா என்னைப் பார்த்தாள். “பதினெட்டு வருஷத்துல ஒரு கீறல் போட்டதில்ல இந்த மனுஷன்.”

கம்பெனி அறிக்கையும் ‘ஓட்டுநர் கவனக்குறைவு’ என்றுதான் சொல்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கா வாய் இல்லை?

31 மார்ச்

பழைய சோதனைக் கோப்பை எடுத்தேன். போன கோடையில் பெரிய எஞ்சின் வந்து சேரவில்லை. சின்ன எஞ்சின் வைத்த காரில், குறைகிற எடைக்கு மணல் மூட்டை ஏற்றிச் சோதித்தோம். மொத்த எடை அச்சு அசலாகச் சரி. ஆனால் புகைப்படத்தில் கார் பின்னால் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

மூட்டைகள் டிக்கியில்.

எஞ்சின் எங்கேடா இருக்கு? முன்னாடி. அந்த பாரம் முன் சக்கரத்துமேலதானே இறங்கணும்? என்னத்தைப் படிச்சேன் நான்? முன் பிரேக்குகள் சுமக்க வேண்டியதைச் சுமக்கவே இல்லை. சோதனைத் தடம் எங்களுக்கு அன்று ஒரு மதியம்தான் கிடைத்தது. அவசரம் — என் அவசரம். கீழே என் கையெழுத்து.

4 ஏப்ரல்

எல்லாவற்றையும் எழுதித் தலைமைப் பொறியாளரிடம் கொடுத்தேன். விற்ற கார்களைத் திரும்ப அழைக்க வேண்டும், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட வேண்டும், காசிமிர் மீதான பழியை எடுக்க வேண்டும்.

இரண்டு தடவை படித்தார். “வித்த வண்டிக்குப் போட்டுத்தான் ஆகணும். ஆனா அடுத்த வருஷமும் இதைப் போட்டு விக்கிறதுக்கு, இது என்ன ஓடுற வண்டியா தம்பி?”

2 மே

அறிக்கையைத் திருத்திவிட்டார்கள். காசிமிர் மீது தப்பில்லை. காண்டரை இந்த ஆண்டோடு மூடுகிறார்கள். அடுத்த மாதமே கடைசி கார். காரணம் கேட்டால் என் காகிதத்தைக் காட்டுகிறார்கள்.

21 மே

அறிக்கையில் என் பெயர் இல்லை. காசிமிரிடம் நானே சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனேன். மணல் மூட்டை, டிக்கி, கையெழுத்து — மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தேன்.

காசிமிர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, “அன்னிக்கு மூட்டை தூக்கினது நான்தான தம்பி?”

“ஆமா.”

“முன் சீட்டுக்குக் கீழ வைக்கட்டுமான்னு கேட்டேன்.”

எனக்கு நினைவில்லை. அப்படிக் கேட்டிருப்பார்.

“‘எங்கயாவது போடுங்க, நேரமில்ல’ன்னு சொன்ன.”

வாண்டா காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

11 ஜூன்

நேற்று கடைசி காண்டர் தொழிற்சாலை வரிசையிலிருந்து இறங்கியது. வெள்ளை. யாரும் படம் எடுக்கவில்லை.

இன்று சனிக்கிழமை. காசிமிர் வீட்டுக்குப் போனேன், இது மூன்றாவது வாரம். வாண்டா கதவைப் பாதிதான் திறந்தாள். “தூங்குறாரு.”

உள்ளே ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதும் யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.