அண்ணன் குரல் வரும் வேன்

என் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையால் நாலு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். என் முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, நீ வாங்கி அனுப்பிய தைலம் நன்றாக மணக்கிறது, அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது லைன் கட்டாகிவிட்டது என்று பிறகு சொன்னேனே, அது பொய். நீ எடுத்ததும் அலோ என்று இழுத்தாய் பார், உன் அண்ணன் இழுப்பதுபோலவே, அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். இனிமேல் அப்படி இழுக்காதேடி, சாதாரணமாகப் பேசு.

அப்பா மறுபடியும் நகராட்சித் தலைவருக்கு நிற்கிறார். வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே. போன தேர்தல் கதை உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் அதைச் சொல்லாமல் அடுத்ததை என்னால் எழுத முடியவில்லை. பிரசார வேனில் போட, மில்லில் வேலை பார்த்த அண்ணன்தான் அப்போது பேசிக் கொடுத்தான். மூடிக்கிடக்கிற மில்லுல இருக்கிற பழைய பாய்லரை மாத்தாம கதவைத் திறக்க விடமாட்டோம், எங்கப்பா சொன்னா செய்வார் என்று முடிப்பான். அதைக் கேட்டுத்தான் மில் குடியிருப்பு மொத்தமும் வந்து ஓட்டுப் போட்டது. ஜெயித்ததும் கடைத்தெருக்காரர்கள் நம் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். மில் மூடிக்கிடந்தால் நாங்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்றார்கள், அதுவும் பொய்யில்லை. அப்பா நடுவாக ஒரு வழி பார்த்தார், இப்போதைக்குத் திறக்கட்டும், பாய்லரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. மில் ஆட்கள் கோபப்படுவார்களே என்று கேட்டேன். நம்ம ஆளுங்க எங்க போயிடப் போறாங்க என்று சிரித்தார். திறந்தார்கள், பாய்லர் வெடித்தது, அண்ணனும் அவனோடு அந்த ஷிப்டில் நின்றவர்களும் போய்விட்டார்கள். மில்லை அன்றைக்கு மூடியதுதான். அப்பாவுக்கு அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வார்த்தை ஞாபகமில்லை, எனக்கு இருக்கிறது.

இந்தத் தடவை பிரசாரம் தொடங்கிய அன்றைக்கு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் அண்ணன் குரல் கேட்டது. நம் வேன்கார மாமா யாரையும் கேட்காமல் பழைய பென்டிரைவை எடுத்துச் செருகிவிட்டார் போலிருக்கிறது. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். வேன் கிட்ட வந்தது, வீட்டைத் தாண்டியது, போய்விட்டது. கீழே வந்து பார்த்தால் அப்பா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மில் குடியிருப்பில் எல்லாரும் வெளியே வந்து தலைகுனிந்து நின்றார்களாம். அதற்கப்புறம் தினமும் சாயங்காலமானால் வேன் வந்துவிடக் கூடாதே என்று பயப்படுவேன், கொஞ்சம் தாமதமானால் ஏன் இன்னும் வரவில்லை என்று மாடிக்கும் கீழுக்கும் நடப்பேன். பைத்தியக்காரி என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை.

இதற்கு நடுவில் ஓர் ஆலோசகர் வந்து சேர்ந்தார். பாதி வார்த்தை எனக்குப் புரியாது, மீதி பிடிக்காது. அண்ணன் அறையில்தான் அவர் ஆபீஸ், அவன் கட்டில் மேலே நோட்டீஸ் கட்டுகள். அவர் சொன்னது இதுதான், உங்க ஆளுங்க எப்படியும் உங்களுக்குத்தான் சார் போடுவாங்க, எந்தப் பக்கமும் சேராம நடுவுல நிக்கற கடைத்தெருக்காரங்களைப் பிடிங்க, செத்தவர் குரலைக் கேட்டா அவங்க மிரளுறாங்க. யாரோ ஒரு பெண்ணைத் தேன் மாதிரிப் பேச வைத்து, மில்லை உடனே திறப்போம் என்று புதிதாக ஒன்று பதிவு செய்தார். கடைத்தெருவுக்கு இன்னொரு வேனில் அது, மில் குடியிருப்புக்கு அண்ணன் குரல் என்று முடிவானது. இது அடுக்குமா, அந்தப் பக்கம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நான் கத்தினேன். அதற்கு அப்பா, நம்ம ஆளுங்க எங்க போயிடப் போறாங்க என்றார். அதே வார்த்தை, அதே சிரிப்பு. அந்த அறையில் எங்களைத் தவிர இன்னொருத்தர் நின்று அதைக் கேட்ட மாதிரி இருந்தது.

தண்ணீர்த்தொட்டி முக்கில் கூட்டம் போட்டார்கள். மில் குடியிருப்புத் தெருவும் கடைத்தெருவும் சேருகிற இடம், இரண்டு பக்கத்து ஆட்களும் வருவார்கள் என்று ஆலோசகர் ஏற்பாடு. வேனைப் பற்றி மட்டும் அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை. அப்பா மேடையில் ஏறி நின்ற நேரம் பார்த்து அந்தத் தெருவிலிருந்து ஒரு வேன், இந்தத் தெருவிலிருந்து ஒரு வேன், இரண்டும் மூக்கோடு மூக்கு இடிக்காத குறை. திறக்க விடமாட்டோம் என்கிறான் அண்ணன், உடனே திறப்போம் என்கிறாள் அந்தப் பெண். முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. மருந்துக்கடைக்காரர் என் பக்கத்தில்தான் நின்றார், சத்தமாகவே சொன்னார், உங்க பையன் குரலுக்கு நாங்க மிரளுறோமாமே, எப்பம்மா பயந்தோம், பாய்லர் வெடிச்ச அன்னிக்கு என் கடையில பஞ்சும் துணியும் தீர்ந்துபோச்சு, எனக்கும் அந்தச் சத்தம் காதுலயேதான் இருக்கு, இப்ப பயமா இருக்கறது இந்த ரெண்டு குரல்தான் என்று. அந்தப் பெண் பேசிய வேனை அதன் டிரைவர் பதறிப்போய் நிறுத்திவிட்டார். இந்த வேனையும் நிறுத்து என்று அப்பா கையைக் காட்டினார். வேன்கார மாமா தலையை ஆட்டிவிட்டார், என்னால முடியாது தலைவரே, நீங்களே வந்து நிறுத்துங்க என்றார்.

அப்பா இறங்கி வந்தார். சுவிட்சில் விரலை வைத்தவர் அழுத்தவில்லை. எங்கப்பா சொன்னா செய்வார் என்பதுவரை அவன் பேசி முடித்தான், அதற்குப் பிறகுதான் அழுத்தினார். மேடைக்குத் திரும்பவில்லை, நேராக வீட்டுக்கு நடந்துவிட்டார், நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணன் அறைக்குப் போய், ஆலோசகரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் பேசுவதும் நிறுத்துவதும் மறுபடி முதலிலிருந்து பேசுவதுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, பசிக்குது என்றார், சோறு போட்டேன்.

இப்போது இரண்டு தெருவுக்கும் அப்பா அன்றைக்கு அறைக்குள் பதிவு செய்த ஒரே பேச்சுதான். போன தடவை சொன்னேன், செய்யல, என் பையனும் போனான், உங்க வீட்டுப் பிள்ளைகளும் போனாங்க, புது பாய்லர் வராம கதவு திறக்காது, அதுக்கு எத்தனை மாசம் ஆகும்னு எனக்கே தெரியாது, இஷ்டமிருந்தா போடுங்க. ஆலோசகர் இது தற்கொலை சார் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டிவிட்டார். கடைத்தெருவில் சிலர் அப்பாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், மில் குடியிருப்பிலும் இப்பத்தான் தெரிஞ்சுதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்கட்டும். ஜெயிப்பாரா தெரியாது. அவர் தோற்றாலும் எனக்கு அழுகை வராது, அந்த வேன் இனி எதைச் சொல்லுமோ என்ற பயம்தான் என்னை இத்தனை நாளாய்த் தின்றுகொண்டிருந்தது.

நேற்று மாடியில் இருந்தபோது வேன் திரும்பியது. ஒரு கணம் அண்ணன்தான் என்று ஓடிப்போய்க் கைப்பிடிச்சுவரைப் பிடித்தேன். அப்பா குரல் அது. கொஞ்சம் கரகரத்து, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு. இருந்து வயதாகியிருந்தால் அவன் குரலும் இப்படித்தான் ஆகியிருக்கும். வேன் தெருவைத் தாண்டும்வரை நின்று முழுசாகக் கேட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு மனம் நிறைந்து இருங்கள், எங்கள் ஆயுசும் உங்களுக்கே சேரட்டும். குளிருக்குத் தலையை மூடாமல் வெளியே போகாதே, மாத்திரையை மறக்காதே. அப்பாவைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசு, தேர்தலைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டாரா என்று மட்டும் கேள். மேலே இழுக்காதே என்று எழுதினேனே, அதை அடித்துவிடு. நான் கூப்பிடும்போது அவனை மாதிரியே அலோ என்று இழு. வைக்க மாட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா