ஆகவே இல்லாத மனு

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

"மாமா பிழைக்கணும்னு நீ எவ்வளவு கும்பிட்டே? கேட்டதைத் தராத சாமிக்கு இன்னும் எதுக்குக்கா கும்பிடு?" என்று கோபமாகக் கேட்டுவிட்டுப் போனாய். உன் கோபத்தில் தப்பில்லை. அவர் மேல் நீ வைத்திருந்த பாசம் அது.

இருபது வருடமாக அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு தட்டச்சு செய்கிறேன். முதல் வரியில் அதிகாரியைப் பெரியவர் என்போம். கடைசிப் பத்தியில் "ஆகவே" என்று ஆரம்பித்துக் கேட்பதைக் கேட்போம். என் கும்பிடும் அப்படித்தான் இருந்திருக்கிறது. "உங்க அக்கா சாமிக்கே நகல் இணைச்சு மனு போடுவா" என்று மாமா உன்னிடம் கேலி செய்வாரே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

நேற்று அவர் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். இன்று காலை ஜன்னலைத் திறந்தால், வழக்கம்போல விடிந்திருந்தது. முதலில் அந்த வெளிச்சத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு, யாரும் மனுப் போடாமலே தினமும் இத்தனை பெரிய வேலையைச் செய்கிறவர், எனக்குக் கொடுத்தால்தான் பெரியவரா என்று தோன்றியது.

கைகூப்பி, "நீ பெரியவன்" என்றேன். அடுத்து ஆகவே வரவில்லை. அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன்.

நீ கும்பிட வேண்டாம். அதை நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் சாப்பிடும்போது இன்னமும் இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை வந்து போ.

உன் அக்கா