வால் கழன்ற பூனை

அக்டோபர் 6, திங்கள்

இவர் மறுபடியும் குப்பை கொண்டு வந்துவிட்டார். செமிலிங் பக்கத்து எஸ்டேட்டில் துரை பங்களாவை இடிக்கிறார்களாம். லோரியில் கல் ஏற்றப் போனவர், கூடவே துருப்பிடித்த வட்ட டப்பா ஒன்றையும் ஏற்றி வந்திருக்கிறார். உள்ளே ஒரு சின்னப் படச்சுருள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கையால் வரைந்த பூனை. எல்லாக் கட்டத்திலும் அதே பூனைதான்.

"நூறு வருஷத்துக்கு முந்தின கார்ட்டூன் தேவகி! அந்தக் காலத்துல வரைஞ்சதுல முக்கால்வாசி தொலைஞ்சே போச்சாம். இது அதுல ஒண்ணா இருந்தா?"

காஸ் தீர்ந்துவிட்டது என்று மூன்று நாளாகச் சொல்கிறேன். அது மட்டும் காதில் விழாது.

அக்டோபர் 8

பிரிட்ஜைத் திறந்தால் ஊறப்போட்ட காலுறை நாற்றம். மோர் சட்டிக்குப் பக்கத்தில் சுருள்! பழைய பிலிம் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளுமாம், அதனால் குளிரில் வைத்தாராம். இந்த வீட்டில் ஒன்று அது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்றேன். யோசித்தார். மனுஷன் நின்று யோசித்தார்!

அக்டோபர் 11

கோலாலம்பூரில் பழைய படங்களைத் தேடிச் சேர்க்கும் சத்தியசீலன் என்பவருக்குப் போட்டோ அனுப்பியிருந்தார். 25ஆம் தேதி நேரில் வருகிறேன், நெருப்புப் பக்கம் வைக்காதீர்கள் என்று பதில். அதிலிருந்து என் அடுப்பை எதிரியைப் போல் பார்க்கிறார்.

"இந்த வருஷம் முறுக்கு வேணாம்லா."

தீபாவளிக்கு முறுக்கு இல்லாமலா? வாயைக் கழுவச் சொன்னேன்.

அக்டோபர் 16

முறுக்கு சுட்டேன். வாளித் தண்ணீரோடு இவர் வாசற்படியில் காவல். மாவு பிழியக் கூப்பிட்டால் மட்டும் கை வலி.

அக்டோபர் 17

இங்கே பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வரிசை முழுக்க முறுக்கு டின் கொடுத்தாயிற்று. பக்கத்து வீட்டு மலாய் அக்கா, கக் ரோஹானிக்கு முதல் டின், வழக்கம்போல. இடுப்பு போயிற்று.

அக்டோபர் 18

ஐயோ. இந்த மனுஷன் என்ன பண்ணி வச்சிருக்காரு! துருப்பிடிச்ச டப்பா ஆகாதுன்னு சுருளை எடுத்து என் முறுக்கு டின் ஒண்ணுல போட்டு, மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, அலமாரிக் கீழ்த்தட்டுல மத்த டின்னோட டின்னா வச்சிருக்காரு. அங்கதான் சில்லுன்னு இருக்காம்! நானும் எடுத்துக் குடுத்துட்டேன். யார் வீட்டுக்கு? யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி டேப் ஒட்டின டின்.

"ஆட்டிப் பாத்திருக்கலாம்ல?" என்று என்னையே கேட்கிறார். முறுக்கை எவளாவது ஆட்டுவாளா? நொறுங்கிப் போகாதா?

அக்டோபர் 19

வீடு வீடாகப் போனோம். முறுக்குக்குப் பதில் பூனை வந்ததா என்று எப்படிக் கேட்பது? "முறுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டு நின்றோம். எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள். கக் ரோஹானி கண்ணை மூடித் தலையை ஆட்டி, "செடாப் தேவகி, செடாப்! இந்த வருஷம்தான் ரொம்ப மொறுமொறுப்பு" என்று மலாயில் புகழ்ந்தார். பாராட்டு வாங்கப் புறப்பட்டவள் மாதிரி ஆகிவிட்டது.

அக்டோபர் 20, தீபாவளி

இவர் ஆட்டுக்கறியைத் தொடவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"அந்தப் பூனைய நாம ரெண்டு பேருதான் பாத்திருக்கோம் தேவகி. அதும் சரியாப் பாக்கல" என்றார். பாவமாக இருந்தது. பிரிட்ஜிலேயே விட்டிருக்கலாம். மோர் நாறினால் என்ன, நாறட்டுமே.

அக்டோபர் 23

கக் ரோஹானி என் டின்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். எங்கள் வரிசையில் யாரும் டின்னைக் காலியாகத் திருப்புவதில்லை. உள்ளே கொய்யாப்பழம். கொடுத்துவிட்டுப் போகாமல் நெளிந்தார்.

விஷயம் இதுதான்: அவருக்குச் சர்க்கரை. வருகிற பலகாரத்தையெல்லாம் ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்காமல் பெண்டாங்கில் இருக்கும் தம்பி ஹமிட்டுக்கு அனுப்பிவிடுவாராம். தம்பி சொல்லி அனுப்பியிருக்கிறார்: "குருவி விரட்டும் நாடாவுக்கு நன்றி. இப்போது கொய்யாவை ஒன்றும் கொத்துவதில்லை."

"அப்போ மொறுமொறுன்னு எதைச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். கக் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. இவர் சட்டைகூடப் போடாமல், கைலியோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இருட்டப் போகிறது, நாளைக்குப் போகலாம் என்று இறக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அக்டோபர் 24

பெண்டாங். ஹமிட் வீட்டுக் கொய்யா மரத்தைச் சுற்றிக் கழி நட்டு, துணிக் கிளிப் போட்டு, வேலி மாதிரிச் சுருளைக் கட்டியிருந்தார். மழைக்கு மறைப்பாக மேலே பழைய தேர்தல் பேனர். வேட்பாளர் பல்லெல்லாம் தெரிய எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரி நொறுங்கும், கழற்ற வேண்டாம் என்று சத்தியசீலன் போனில் கத்தினார்.

உள்ளே குனிந்து போய் நின்றேன். வெளியிலிருந்து வெயில். கட்டம் கட்டமாகப் பூனை. ஓர் அடி நடந்தேன், பூனையும் நடந்தது. வேகமாகப் போனேன், பூனையின் வால் கழன்று தனியாக ஓடியது! பூனை அதைத் துரத்த, நான் பூனையைத் துரத்த, எனக்குப் பின்னால் இவர், இவருக்குப் பின்னால் ஹமிட். நவக்கிரகம் சுற்றுகிற மாதிரி சுற்றினோம். மூச்சு வாங்கியது. இவ்வளவு சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று!

அக்டோபர் 25

சத்தியசீலன் நேராகப் பெண்டாங்குக்கே வந்தார். ஒவ்வொரு கட்டத்தையும் அங்கேயே போட்டோ எடுத்துவிட்டு, கையுறை போட்டுப் பதமாகக் கழற்றினார். "எந்தப் படம்னு சொல்ல முடியல அண்ணே. வேற பிரதி இருக்கிறதாவும் எனக்குத் தெரியல" என்றார். அதற்கு முன் அவரும் நாலு சுற்று ஓடினார் என்பதை எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 14

சத்தியசீலன் போட்டோக்களை வரிசையாக ஓடவிட்டுப் படமாக்கி அனுப்பியிருக்கிறார். வரிசை முழுக்க எங்கள் ஹாலில். தும்மினால் முடிந்துவிடும், அவ்வளவுதான் படம். பூனைக்குப் பின்னால் கொய்யா இலை ஆடுகிறது. ஓர் இடத்தில் பூனை மூக்கில் சிவப்புத் துணிக் கிளிப். எல்லாரும் "லாகி! லாகி!" என்று திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி கக் ரோஹானிக்குச் சர்க்கரையில்லாத தேநீர் கலக்கப் போனேன்.

டிசம்பர் 7

இவர் லோரி எடுத்துப் போயிருக்கிறார். இது அவருக்குத் தெரியாது: இந்த நோட்டின் மூலைகளில், முதல் பக்கத்திலிருந்து, ஒரு பூனை வரைந்திருக்கிறேன். பக்கங்களை விரலால் விரைவாகத் தள்ளினால் நடக்கிறது. கொஞ்சம் நொண்டுகிறது. அக்டோபர் 18 பக்கத்தில் பேனா அழுத்தி ஓட்டை விழுந்திருப்பதால் அங்கே ஒரு துள்ளு.

இன்றுதான் வால் கழன்றது. அது ஓடிப்போக மிச்சப் பக்கமெல்லாம் வேண்டும். அதனால் இனி இதில் எழுதப்போவதில்லை.